ஐந்தாம் தலைமுறை

ஒரு லீட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் மோல்ட் மா.
கொழும்பிலிருந்து வரும் சரக்கு.
"பிள்ளைக்கா?" என்பார் கடைக்காரர்.
ஓம் என்பேன்.

பத்து நிமிடம் கொதிக்க வேண்டும்.
பொங்கி அடுப்பை அணைக்கும் நேரம் பார்த்துத்தான்
வாசலில் யாராவது கூப்பிடுவார்கள்.
ஆற்றுவதற்கு ஹப்புத்தளையில் சிரமமில்லை:
பீலித் தண்ணீருக்குள் சட்டியை வைத்தால்
முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் குளிர்ந்துவிடும்.
சிரமமெல்லாம் பிறகு.
போன பியரின் அடியில் வழித்த வண்டலை
அதில் ஊற்றி,
பதினான்கு பாகைக் குளிரில் எழும்பு எழும்பு என்று
போகும்போதும் வரும்போதும் குலுக்குவது.

பால் சேகரிக்கும் நிலையத்தில் எனக்கு வேலை.
புளித்த பாலை மூக்கால் பிடித்துத்
திருப்பி அனுப்புகிறவள்
வீட்டில் புளிக்கக் காத்திருக்கிறேன்.
தேவகுமார் சிரிக்கிறான்.
சிரித்துக்கொண்டே போத்தல் கழுவுகிறான்.

இரண்டாம் நாள் நுரை தணியும்.
மூன்றாம் நாள் அடியில் படிவு,
வெளிறிய மஞ்சளில், தோசை மாவின் தடிப்பில்.
தெளிவை ஊற்றிவிட்டு
கொதித்தாறிய தண்ணீரோடு ஜாம் போத்தலுக்கு மாற்று.
மூடி முக்கால் திருகு மட்டும்;
முழுதாய் இறுக்கினால் ஒருநாள் பிரிஜ்ஜுக்குள் வெடிக்கும்.
பிளாஸ்டரில் திகதி. அதன் கீழே: ஐந்தாம் தலைமுறை.
முட்டைக்கும் தேவகுமாரின் கண் மருந்துக்கும் நடுவில்
தூங்கு.

கார்த்திகை பதினொன்று, இரவு,
ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது.
மேற்கணக்கு லயத்தார் எழும்பவும்.
மண் அசைகிறது.
பள்ளிக்கூடத்துக்குப் போகவும்.

அடையாள அட்டைகள். மகளின் சான்றிதழ். வங்கிப் புத்தகம்.
கரண்ட் போய் ஆறு மணி நேரமான பிரிஜ்ஜுக்குள்
கை தானாகப் போனது.
"முட்டையை எடு" என்றான் தேவகுமார்.
நான் எடுத்தது முட்டையை அல்ல.

ஏழாம் வகுப்பறையில் பதினான்கு குடும்பம்.
கம்பளிக்குள், வயிற்றோடு அணைத்திருந்தேன்.
சூடு பட்டால் விழிக்கும் என்று
எனக்குத் தெரியாதா?
நடுச்சாமத்தில் மூடி சீறியது, மிதிபட்ட பூனை மாதிரி.
டோர்ச் ஒன்று திரும்பியது.
படிவத்தோடு வந்தவர் என் அருகில் குந்தினார்.

பெயர்? புனிதமலர்.
எத்தனை பேர்? மூன்று.
எத்தனை தலைமுறையாக இந்தத் தோட்டத்தில்?
ஐந்து என்றேன்.
அவர் கண் என் மடியில், பிளாஸ்டரில் நின்றது.
"இது என்ன?"
"பாணுக்கு ஈஸ்ட், சேர்."

பொய்க்குக் கால் உண்டு.
விடிவதற்குள் அது சமையல் கொட்டிலுக்கு நடந்துவிட்டது.
நிவாரண மா இரண்டு மூட்டை வந்திருந்தது.
பண்டாரவளையில் பேக்கரி வேலை பார்த்த சவரியம்மாள்
கையை நீட்டினாள்:
பாதி கொடு.

பியர் ஈஸ்டுக்கு அவசரம் தெரியாது.
மா உப்ப மத்தியானமாயிற்று.
பிள்ளைகள் ஈரத்துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து
அடி வாங்கினார்கள்.
தகரத்தில் சுட்ட பணிஸ், நூற்றுப் பதினேழு.
விளிம்பில் ஒரு மெல்லிய கசப்பு.
ஹொப்பின் கசப்பு, எனக்கு மட்டும் தெரிந்தது.
"மா பழசு போல" என்றார் படிவக்காரர்.
இரண்டாவதைக் கேட்டு வாங்கினார்.

ஒன்பதாம் நாள் திரும்பினோம்.
லயம் நின்றது.
பின்பக்கம் கக்கூஸும் மூன்று வாழையும் இருந்த இடத்தில்
சிவப்பாக ஒரு சரிவு,
அதற்கப்பால் பனிமூட்டம்.
முட்டை நாறியது.

போத்தலில் ஒரு கரண்டி மிச்சம்.
முகர்ந்தேன்: பாண், கொஞ்சம் வாழைப்பழம்.
எரிந்த ரப்பர் இல்லை. பிழைக்கும்.
சிறிதாகத் தொடங்க வேண்டும்,
இருநூறு மில்லிக்கு இருபது கிராம்.
அடுப்பருகே வைத்தேன். பழைய பிளாஸ்டரை உரித்தேன்.

ஆறு என்று எழுதுவதா?
பணிஸாகிப் போனவர்களையும் சேர்த்து
ஏழு என்பதா?
ஈரமான போத்தலில் பேனா
எதையும் எழுத மறுக்கிறது.